போன பட்டன் திரும்பி வந்த கதை

கணினியை எப்படி அணைப்பது? 2012-க்கு முன்னால் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் ஒரு மெனு மேலெழும். அதில் ஷட் டவுன். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளிவந்ததிலிருந்து 17 ஆண்டுகளாக வழி இதுதான். அணைப்பதற்குப் போய் 'ஸ்டார்ட்' என்று எழுதிய பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறதே என்ற கேலி உண்டு. ஆனாலும் கை பழகிவிட்டது.

2012 அக்டோபர் 26 அன்று விண்டோஸ் 8 வந்தது. அந்தப் பட்டனைக் காணோம். கணினியை அணைக்க மவுஸை வலது பக்க மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது ஓரத்தில் ஐந்து குறிகள் கொண்ட ஒரு பட்டை எட்டிப் பார்க்கும். அதில் செட்டிங்ஸை அழுத்தி, பிறகு பவரை அழுத்தி, பிறகுதான் ஷட் டவுன். அந்தப் பட்டை அங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் கிடையாது.

பயனர்கள் கொதித்தார்கள். மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆனால் 'பின்வாங்கியது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய விஷயமில்லை இது. பட்டன் திரும்ப ஓராண்டு ஆனது, மெனு திரும்ப கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். ஓர் இயங்குதளத்தை அதன் நிறுவனம் திருத்தி எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு சிறிய அடிப்படை. இயங்குதளத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று உள்வேலை: நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளைச் சேமிப்பது, பிரின்டரோடும் கீபோர்டோடும் பேசுவது. இன்னொன்று முகப்பு: நாம் பார்க்கிற, தொடுகிற பகுதி. ஸ்டார்ட் மெனு, திரையின் அடியில் ஓடும் டாஸ்க்பார் பட்டை, டெஸ்க்டாப் எல்லாம் முகப்பில் சேர்ந்தவை. விண்டோஸ் 8-இன் உள்வேலையில் யாருக்கும் பெரிய புகார் இல்லை. அது விண்டோஸ் 7-ஐவிட வேகமாகத் தொடங்கியது. சண்டை முழுக்க முகப்பின் மேல்தான்.

அதில் ஆச்சரியமும் இல்லை. சமையலறையில் அஞ்சறைப்பெட்டியைப் பார்க்காமலேயே கடுகை எடுக்கிறார்கள் அல்லவா, அப்படித்தான் நாம் கணினியையும் பயன்படுத்துகிறோம். கண் திரையில் இருக்கும், மனம் வேலையில் இருக்கும், கை தானாக அந்த மூலைக்குப் போகும். கிண்ணங்களை யாரோ ஒருநாள் இரவில் இடம் மாற்றி வைத்துவிட்டால், புதிய வரிசை எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும் மறுநாள் காலை தாளிப்பில் வெந்தயம்தான் விழும்.

சரி, அப்படியானால் ஏன் எடுத்தார்கள்?

2010-இல் ஆப்பிளின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. மவுஸ் இல்லை, கீபோர்டு இல்லை, விரல் மட்டும் போதும். அடுத்த காலம் தொடுதிரையுடையது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. அப்போது விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி. விண்டோஸ் 7-ஐக் காலக்கெடு தவறாமல் கொண்டுவந்து நல்ல பெயர் வாங்கியவர். டேப்லெட்டுக்குத் தனி, மேசைக் கணினிக்குத் தனி என்று இரண்டு இயங்குதளங்கள் வேண்டாம், ஒன்றே இரண்டிலும் ஓடட்டும் என்பது திட்டம். ஸ்டார்ட் மெனு இருந்த இடத்துக்குத் திரை முழுவதையும் மூடும் ஸ்டார்ட் ஸ்க்ரீன் வந்தது. வண்ணவண்ணக் கட்டங்கள், விரலால் தட்டுவதற்கு ஏற்ற அளவில்.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது என்பது என் கணிப்பு. விண்டோஸ் 8-உடன் நிறுவனம் ஓர் ஆப் ஸ்டோரைத் தொடங்கியது. வாங்க ஆள் இல்லாத கடைக்கு யாரும் சரக்கு அனுப்ப மாட்டார்கள். பழைய மெனுவை விட்டுவைத்தால் மக்கள் அங்கேயே இருந்துவிடுவார்கள், புதிய திரையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் ஆப் எழுதுகிறவர்கள் ஏன் வருவார்கள்? எல்லோரையும் அந்தத் திரை வழியாகவே நடக்க வைத்தால்தான் கடை ஓடும்.

கையில் ஓர் எண்ணும் இருந்தது. சம்மதம் கொடுத்த பயனர்களின் கணினிகள், எந்த மெனு எத்தனை முறை திறக்கப்படுகிறது என்பது போன்ற தகவல்களை நிறுவனத்துக்கு அனுப்பும். இதற்குப் பெயர் டெலிமெட்ரி. முந்தைய பதிப்பான விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தபோது ஸ்டார்ட் மெனுவின் பயன்பாடு 11 சதவீதம் குறைந்திருக்கிறது என்று 2011-இல் அவர்களே அறிவித்தார்கள். காரணமும் சரிதான்: விண்டோஸ் 7-இல் பிடித்த நிரல்களை டாஸ்க்பாரிலேயே குத்தி வைத்துக்கொள்ளலாம், மெனுவுக்குப் போகவே வேண்டியதில்லை.

எண் பொய்யில்லை. அதைப் படித்த விதத்தில்தான் கோளாறு. ஒரு பொருளைக் குறைவாகத் தொடுகிறோம் என்பதும் அது தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. வீட்டில் டார்ச் லைட்டை மாதத்துக்கு ஒரு முறை எடுத்தால் அதிகம். ஆனால் கரண்ட் போன இரவில் அது வைத்த இடத்தில் இருந்தாக வேண்டும். அன்றாடம் திறக்கும் நான்கு நிரல்களுக்கு மெனு தேவைப்படவில்லை. ஐந்தாவது நிரலை எங்கே தேடுவது என்று தெரியாதபோதும் கணினியை அணைக்கும்போதும்தான் எல்லோரும் அங்கே போனார்கள். டெலிமெட்ரி எத்தனை முறை என்று சொல்லும். எந்த நிலையில், எவ்வளவு அவசரத்தில் என்று சொல்லாது.

யாரும் எச்சரிக்காமலும் இல்லை. 2011 செப்டம்பரில் மென்பொருள் எழுதுவோருக்கான முன்னோட்டப் பதிப்பு வெளிவந்தது. அதில் ஸ்டார்ட் பட்டன் இன்னும் இருந்தது. அழுத்தினால் புதிய திரை வரும், ஆனால் விண்டோஸ் தன் உள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழைய மெனுவையே திரும்பப் பெறலாம் என்று சிலர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று பொதுமக்களுக்கான முன்னோட்டம் வந்தபோது அந்தக் குறுக்குவழியையும் அடைத்துவிட்டார்கள், பட்டனையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இறுதி வெளியீடு வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள் விமர்சனம் வந்துகொண்டே இருந்தது. நிறுவனம் அசையவில்லை.

இதில் பிடிவாதம் மட்டும் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸ் என்பது ஒரு நிறுவனம் மட்டும் விற்கும் பொருள் இல்லை. எண்ணற்ற மாடல்களில் கணினி தயாரிக்கும் நிறுவனங்கள் அதைப் பல மாதங்கள் முன்பே வாங்கிச் சோதித்து, அக்டோபர் விற்பனைக்குப் பெட்டி கட்ட வேண்டும். அதனால் ஆகஸ்ட் 1-ஆம் தேதியே இறுதிப் பதிப்பு பூட்டப்பட்டுவிட்டது. பச்சை மண்ணாக இருக்கும்போது பானையின் வாயைத் திருத்தலாம். சூளைக்குப் போன பிறகு விரிசல்தான் மிஞ்சும். 2012-இல் மக்களுக்குக் காட்டப்பட்டது கிட்டத்தட்டச் சூளை வாசலில் இருந்த பானை.

வெளிவந்த பிறகு என்னென்ன குழப்பங்கள்! டெஸ்க்டாப்பில் ஒரு படத்தை டபுள் கிளிக் செய்தால், அது ஜன்னலில் திறக்காமல் திரை முழுவதையும் விழுங்கும் ஓர் ஆப்பில் திறக்கும். அதை மூட எக்ஸ் குறி கிடையாது. மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ்வரை இழுத்துக் கொண்டுபோய் விட வேண்டும். விரலுக்கு அது சுகமான அசைவு. மவுஸுக்கு? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு இருந்தது, அமைப்புகளை மாற்றும் இடமும் இரண்டு இருந்தது.

மூலைகளின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அதில் பாதி உண்மையான அறிவு இருக்கிறது. குறி பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் கை விரைவாகப் போய்ச் சேரும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் கணக்காக எழுதிக் காட்டினார். திரையின் மூலை அந்த வகையில் அருமையான குறி. மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் விளிம்பில் முட்டி அங்கேயே நிற்கும். விண்டோஸ் 8 நான்கு மூலைகளையும் வேலைக்கு வைத்ததற்கு இந்தத் தர்க்கம் துணை நிற்கிறது. ஆனால் எளிதில் தொடக்கூடிய குறி, கண்ணில் படாத குறியாகவும் இருந்தால் என்ன பயன்? இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: நடுவில் இருக்கும் மூலையில் மவுஸ் நிற்காது, வழுக்கிக்கொண்டு அடுத்த திரைக்குப் போய்விடும்.

புதிய கணினியை முதன்முதலில் திறக்கும்போது, மவுஸை மூலைக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு சின்ன அசைபடம் வரும். அவ்வளவுதான் பாடம். கடையில் ஏற்கெனவே திறந்து வைத்த கணினியிலோ அலுவலகத்தில் வேறொருவர் அமைத்துக் கொடுத்த கணினியிலோ உட்காருபவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

இந்த வெற்றிடத்தில் ஒரு சிறு வியாபாரமே முளைத்தது. ஸ்டார்டாக் என்ற நிறுவனம் பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்டார்ட்8 என்ற நிரலை 4.99 டாலருக்கு விற்றது. கிளாசிக் ஷெல் என்ற இலவச நிரலும் பரவியது. புகாரை எழுதுவது ஒரு ரகம். இலவசமாக இருந்த ஒன்றைத் திரும்பப் பெற ஒருவர் காசு கொடுக்கிறார் என்பது அதைவிடக் கனமான புகார்.

அதைவிடவும் கனமானது விற்பனைக் கணக்கு. 2013-இன் முதல் காலாண்டில் உலகளவில் கணினி விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் சரிந்தது என்று ஐடிசி ஆய்வு நிறுவனம் சொன்னது. விண்டோஸ் 8 சந்தையைத் தூக்கி நிறுத்தவில்லை என்பதோடு நிற்காமல், அதை மேலும் மந்தப்படுத்தியதாகவே தெரிகிறது என்றும் சேர்த்துச் சொன்னது. மைக்ரோசாஃப்ட் 10 கோடி லைசென்ஸ் விற்றதாக அந்த மே மாதம் அறிவித்தது உண்மைதான். அதே நேரத்தில் அதன் விண்டோஸ் பிரிவு அதிகாரி டாமி ரெல்லர், மக்கள் கற்றுக்கொள்ளச் சிரமப்படுகிறார்கள், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஜூலையில், விற்காமல் தேங்கிய தன் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகளுக்காக 90 கோடி டாலர் இழப்பு எழுதப்பட்டது.

திருத்தம் மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணை, 2013 அக்டோபர் 17: விண்டோஸ் 8.1. ஸ்டார்ட் பட்டன் திரும்பியது! எல்லோரும் ஆவலோடு அழுத்தினார்கள். வந்தது மெனு இல்லை, அதே முழுத்திரைக் கட்டங்கள். சாப்பாடு கேட்டவருக்கு இலையை மட்டும் போட்டுவிட்டுப் போன மாதிரி. ஆனால் நியாயமாகச் சொன்னால், உருப்படியான சில மாற்றங்களும் அதில் இருந்தன. கணினி நேராக டெஸ்க்டாப்பில் திறக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். மூலைகளில் சிலவற்றை அணைத்து வைக்கலாம். பட்டனை ரைட் கிளிக் செய்தால் ஷட் டவுன் கிடைக்கும். டெஸ்க்டாப்பில் வைத்த படமே ஸ்டார்ட் திரைக்குப் பின்னணியாக வரும்படியும் வைக்கலாம். கடைசியாகச் சொன்னது அலங்காரம் போலத் தெரியும். ஆனால் ஓர் இடத்திலிருந்து வேறொரு இடத்துக்குத் தூக்கி எறியப்பட்ட உணர்வை அது கணிசமாகக் குறைத்தது.

இரண்டாவது தவணை 2014 ஏப்ரல் 8 அன்று வந்த அப்டேட். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த அதே நாள். ஸ்டார்ட் திரையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பவர் குறி வந்தது. முழுத்திரை ஆப்களுக்கு மேலே எக்ஸ் குறியும் வந்தது. முக்கியமானது இன்னொன்று: தொடுதிரை இல்லாத கணினிகள் இயல்பாகவே டெஸ்க்டாப்பில் திறக்கத் தொடங்கின. எல்லாருக்கும் ஒரே முகப்பு என்ற மூலக் கொள்கையை நிறுவனம் முதன்முதலாக விட்டுக்கொடுத்தது இங்கேதான்.

இதற்குள் மேலிடமும் மாறியிருந்தது. சினோஃப்ஸ்கி 2012 நவம்பரிலேயே, வெளியீடு நடந்து மூன்று வாரம் ஆவதற்குள் விலகிவிட்டார். 2013 ஜூலையில் டெரி மையர்சன் இயங்குதளப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 2014 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா தலைமை நிர்வாகி ஆனார். ஒரு முடிவை எடுத்தவர்களே அதைத் திரும்பப் பெறுவது கடினம். புதிதாக வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்காது. மென்பொருளில் மட்டுமா அப்படி?

மூன்றாவது தவணைதான் உண்மையான மறுவடிவமைப்பு. 2014 செப்டம்பர் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் விண்டோஸ் 10-ஐ அறிமுகப்படுத்தினார்கள். 2015 ஜூலை 29 அன்று அது வெளிவந்தது. ஸ்டார்ட் மெனு திரும்பியது, ஆனால் பழைய மெனு அப்படியே இல்லை. இடது பக்கம் பழைய பாணியில் பட்டியல், வலது பக்கம் விண்டோஸ் 8-இன் கட்டங்கள். ஸ்டோரில் வாங்கிய ஆப்களும் மற்ற நிரல்களைப் போல ஜன்னல்களில் ஓடின. கழற்றி மாட்டும் கணினியில் கீபோர்டைக் கழற்றினால் முகப்பு விரலுக்கேற்ப மாறும், மாட்டினால் மவுஸுக்கேற்பத் திரும்பும். விண்டோஸ் 8 கேட்ட கேள்வி தவறில்லை, அதற்கான பதில்தான் தவறு என்பது இங்கே தெரிந்தது. ஒரே இயங்குதளம் இரண்டிலும் ஓடலாம். ஒரே முகப்பு ஓட முடியாது.

1985-இல் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை ஏப்ரலில் மாற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூலையிலேயே பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. விண்டோஸுக்கு ஏன் இரண்டே முக்கால் ஆண்டு? பானத்துக்குப் பழைய செய்முறைத் தாள் இருந்தது, எடுத்துக் காய்ச்சினால் போதும். இங்கே அந்தத் தாள் கிழிந்துவிட்டது. புதிய திரையை நம்பி ஆப்கள் எழுதப்பட்டுவிட்டன, அந்தத் திரையோடு கணினிகள் விற்கப்பட்டுவிட்டன. அவற்றை வாங்கிப் பழகிக்கொண்டவர்களும் பயனர்கள்தானே? பழையவருக்காகத் திருத்தப் போய்ப் புதியவரின் அஞ்சறைப்பெட்டியைக் கலைத்துவிடக் கூடாது. அதனால்தான் அந்த அரைக்கு அரை மெனு.

அமைப்பைவிடப் பெரிய மாற்றம் கேட்கும் முறையில் வந்தது. விண்டோஸ் 10 அறிவிக்கப்பட்ட மறுநாளே, அரைகுறையான பதிப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இன்சைடர் என்ற திட்டத்தைத் திறந்தார்கள். கூடவே கருத்துச் சொல்வதற்கென்று ஓர் ஆப். ஒருவர் எழுதிய புகாருக்கு மற்றவர்கள் ஆமோதித்து வாக்களிக்கலாம். அடிக்கடி புதிய பதிப்பு வரும், முந்தைய புகார்களில் சில அதில் தீர்ந்திருக்கும். வெளியீட்டு நாளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்திருந்தார்கள். இந்த முறை பானை இன்னும் சக்கரத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

விமர்சனம் எப்போதும் பட்டனைப் பற்றியதாக இருக்காது என்பதையும் விண்டோஸ் 10 காட்டியது. இலவசமாக மேம்படுத்திக்கொள்ளுங்கள் என்று திரையில் வரும் அழைப்பு, 2016-இல் மூர்க்கமாகவே ஆனது. அந்தப் பெட்டியை எக்ஸ் குறி அழுத்தி மூடினாலும் ஏற்கெனவே குறித்த மேம்படுத்தல் ரத்தாகாது. எக்ஸ் என்றால் 'வேண்டாம்' என்று 20 ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தவர்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் எரிச்சல். எல்லை மீறிவிட்டோம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் தலைவரே ஒப்புக்கொண்டார். விண்டோஸ் 10 திரட்டும் தகவல்களின் அளவு மிகை என்று பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2016 ஜூலையில் முறைப்படி எச்சரித்தது. அடுத்த ஆண்டு தனியுரிமை அமைப்புகள் மாற்றி அமைக்கப்பட்டு, எச்சரிக்கையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பயனர்கள் கத்தினால் பட்டன் வரும். சில திருத்தங்களுக்கு ஓர் அரசு ஆணையம் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

புகாருக்கு வாக்களிக்கும் முறை நன்றாகத் தோன்றும். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான பெரிய அப்டேட், சிலரின் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. நான்கே நாளில் விநியோகத்தை நிறுத்தினார்கள். பிறகுதான் தெரிந்தது: சோதனைப் பதிப்பில் இருந்தவர்கள் வெளியீட்டுக்கு முன்பே இதை எழுதியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சிலரே என்பதால் வாக்குகள் குறைவு, பட்டியலின் அடியில் கிடந்தது. ஸ்டார்ட் மெனு கதையின் மறுபக்கம் இது. அங்கே குறைவாகத் தொடுவதால் தேவையில்லை என்று நினைத்தார்கள், இங்கே குறைவான பேர் சொன்னதால் சிறிய பிரச்சினை என்று பட்டியல் நினைத்தது. ஒரு குறி இரண்டு பிக்சல் தள்ளியிருக்கிறது என்பதற்கு ஆயிரம் வாக்கு விழலாம். பத்து ஆண்டுப் புகைப்படங்கள் போய்விட்டன என்பதற்கு ஐந்து வாக்குதான் விழலாம். அதற்குப் பிறகு புகார் எழுதும் படிவத்தில், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று பயனரே குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். திருத்தப்பட்ட அப்டேட் நவம்பர் 13 அன்று வந்தது.

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது பட்டனை மறுபடியும் நகர்த்தினார்கள், இடது மூலையிலிருந்து டாஸ்க்பாரின் நடுப்பகுதிக்கு. விண்டோஸ் 8-இன் கட்டங்கள் மெனுவிலிருந்து அடியோடு போயின. டாஸ்க்பாரில் கோப்பை இழுத்து விடும் வசதியும் காணாமல் போய், புகார்கள் குவிந்த பிறகு 2022-இல் திரும்பி வந்தது. ஆனால் பட்டனைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனித்தேன். நகர்த்திய முதல் நாளே, திரும்பப் போகும் வழியையும் கூடவே வைத்திருந்தார்கள். நடுவில் பிடிக்கவில்லை என்றால் டாஸ்க்பாரின் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். டாஸ்க்பார் செட்டிங்ஸ் என்று வரும். அதில் கடைசியாக இருக்கும் பகுதியைத் திறந்தால், டாஸ்க்பாரில் உள்ள குறிகள் நடுவில் இருக்க வேண்டுமா, இடது பக்கமா என்று கேட்கும். இடது என்று தேர்ந்தெடுத்தால் 1995-இல் இருந்த அதே மூலைக்குப் பட்டன் போய்விடும்.